இணையச் சந்தையில் கடை: கமிஷன் போகக் கையில் நிற்பது எவ்வளவு?

2019 கடைசியிலிருந்து சிங்கப்பூரின் பெரிய இணையச் சந்தை ஒன்றில் பித்தளைச் சாமான் விற்று வருகிறேன். காமாட்சி விளக்கு, உருளி, தூபக்கால், தாம்பாளம், திரி இவைதான் சரக்கு. கும்பகோணம் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து கப்பலில் வருகிறது. ஈசூனில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வைத்துத்தான் பொட்டலம் கட்டி அனுப்புகிறேன். புதிதாகக் கடை போட நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கமிஷன் இவ்வளவு ஏறிவிட்டதே, இன்னும் கட்டுப்படியாகிறதா அக்கா?" கட்டுப்படியாகிறது. ஆனால் எல்லாப் பொருளுக்கும் இல்லை.

கமிஷன் விழுவது விற்பனை விலைமேல், லாபத்தின்மேல் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். என் கடையில் நன்றாகப் போகும் ஒரு ஜோடி காமாட்சி விளக்கின் விலை 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பட்டறை விலை, கப்பல் கூலி, இறக்குமதியின்போது கட்டும் ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து வீடு வந்து சேர 22 வெள்ளி ஆகிறது. பெட்டி, பபுள் ரேப், டேப் எல்லாம் 1.50. சந்தைக்கு எதுவும் கொடுக்க வேண்டாம் என்றால் 16.50 நிற்க வேண்டும். கமிஷன், பணம் செலுத்தும் வசதிக்கான கட்டணம், இலவச டெலிவரித் திட்டத்தில் சேர்ந்ததற்கான கட்டணம் மூன்றும் சேர்த்து எனக்கு இப்போது 15 விழுக்காடு வருகிறது. அது 6 வெள்ளி. அந்தக் கட்டணத்தின்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, 54 காசு. மிச்சம் 9.96. ஆக, கேட்க 15 என்று தெரிந்த விழுக்காடு என் லாபத்தில் ஏறக்குறைய 40 விழுக்காட்டை எடுத்துக்கொண்டுவிட்டது.

இன்னும் முடியவில்லை. 2 வெள்ளிக் கூப்பன் கொடுத்தால், கட்டணமும் கொஞ்சம் குறைந்து, 8.29 ஆகிறது. விளம்பரம் ஓட்டினால் சொடுக்குக்குக் காசு. வாங்காமல் பார்த்துவிட்டுப் போகிறவர்களின் சொடுக்குகளையும் சேர்த்தால், ஒரு ஜோடி விற்க எனக்குச் சராசரியாக 3 வெள்ளி விளம்பரத்துக்கே போகும். அப்போது கையில் 5.29. அதனால்தான் 9.9 (செப்டம்பர் 9), 11.11 (நவம்பர் 11) போன்ற பெரிய விற்பனை நாள்களில் 15 விழுக்காடு தள்ளுபடி கொடுக்கச் சொல்லி அழைப்பு வந்தால் விளக்குகளை நான் சேர்ப்பதில்லை. 34 வெள்ளிக்கு விற்றால், விளம்பரமே ஓட்டாவிட்டாலும், 5 வெள்ளிகூட மிஞ்சாது. தேங்கிக் கிடக்கும் சரக்கு இருந்தால் மட்டும் சேர்ப்பேன்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். என்னைப் போன்ற சிறு வியாபாரிகள் பெரும்பாலும் பதிவு செய்திருக்க மாட்டோம். அப்படியிருந்தால் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. வரி 2023இல் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவும், 2024இல் 9 ஆகவும் ஏறியபோது சரக்கு இறக்கும் செலவும் கூடியது, சந்தைக் கட்டணமும் கூடியது. கட்டண அறிவிப்பு வரும்போது அதில் சொல்லியிருக்கும் விழுக்காடு வரி சேர்த்ததா, சேர்க்காததா என்பதை முதலில் பாருங்கள்.

சிறு பொருள்களில் நிலைமை இன்னும் இறுக்கம். ஒரு திரிப் பொட்டலம் 3 வெள்ளி. அதில் சரக்குக்கு 1.40, உறைக்கு 50 காசு, கட்டணம் 49 காசு. மிஞ்சும் 61 காசுக்காக முகவரிச் சீட்டு ஒட்டி, பொட்டலம் போடும் லாக்கர் வரை நடந்துபோய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். இப்போது திரியைத் தனியாக விற்பதையே விட்டுவிட்டேன். அகல், திரி, சின்னத் தாம்பாளம் சேர்த்து கார்த்திகைத் தொகுப்பு என்று 18 வெள்ளிக்குக் கொடுக்கிறேன். வாங்குகிறவர்களுக்கும் அதுதான் வசதி. ஒரே பெட்டியில் எல்லாம் வந்துவிடுகிறது.

சரி, இவ்வளவு போகிறதே, பதிலுக்கு என்ன கிடைக்கிறது? என்னை முன்பின் தெரியாத ஆள்கள் கிடைக்கிறார்கள். 2020 ஏப்ரல், மே மாதங்களில் சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கம் நடந்தபோது பூஜைச் சாமான் கடைகள் மூடிக் கிடந்தன. புங்கோலிலிருந்தும் சுவா சூ காங்கிலிருந்தும் ஆர்டர்கள் வந்தன. தேக்காவை (லிட்டில் இந்தியா) தவிர வேறெங்கும் விளக்கு வாங்கியிராத வயதானவர்களுக்காகப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போட்ட ஆர்டர்கள் அவை. அந்தக் குடும்பங்களில் பல இன்றும் என்னிடம் வாங்குகின்றன. அப்புறம் உருளி. பூவை மிதக்கவிட்டு வரவேற்பறையில் வைக்க என்று சீனக் குடும்பங்கள் வாங்குகின்றன. நான் தேக்காவில் சிராங்கூன் சாலையில் கடை வைத்திருந்தால்கூட அவர்களில் முக்கால்வாசிப் பேர் என் கடைக்குள் நுழைந்திருக்க மாட்டார்கள். உருளியில் லாபம் அதிகம், பேரம் குறைவு, உடைவதும் இல்லை. இந்த ஒரு பொருளுக்காக மட்டுமே நான் அந்தக் கமிஷனை மனம் கோணாமல் கொடுப்பேன்.

கடை வாடகையோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் தெரிகிறது. தீபாவளிச் சந்தையில் இடம் பிடித்தால் வாடகையை முன்கூட்டியே கட்ட வேண்டும், மழை கொட்டினாலும் கட்டியது கட்டியதுதான். இணையச் சந்தையில் விற்றால்தான் கமிஷன். ஆடி மாதம் முழுக்க எதுவும் நகராவிட்டால் நான் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. முதல் போட்டுத் தொடங்க வசதி இல்லாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

திரும்ப வரும் பொருள்கள்தான் எனக்கு உண்மையான மனவேதனை. ஒருமுறை உச்சியில் அன்னம் வைத்த குத்துவிளக்கு ஒன்றை, கீறல் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். சந்தை நிர்வாகம் உடனே அவர்களுக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தால் தண்டும் அடியும் இருக்கின்றன, அன்னத்தைக் காணோம். படம் எடுத்து அனுப்பி முறையிட்டும் பலனில்லை. பட்டறையில் ஒருவர் அந்த அன்னத்தைக் கையால் அராவி மெருகேற்றியிருப்பார் என்று நினைக்கும்போது இன்றும் கோபம் வருகிறது. இப்போதெல்லாம் பாகம் பாகமாகக் கழலும் விளக்குகளைப் பொட்டலம் கட்டும்போது ஒவ்வொரு பாகமும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வைக்கிறேன். அப்படி வைத்திருந்தவற்றில் முறையீடு எனக்குச் சாதகமாக முடிந்திருக்கிறது.

பணத்தைச் சந்தையின் கணக்கில் தேங்கவிடாதீர்கள். வாங்கியவர் பொருள் கிடைத்தது என்று உறுதி செய்யும்வரை பணம் அவர்களிடம்தான் இருக்கும், அதில் தவறில்லை. அதற்குப் பிறகும் அங்கேயே விட்டுவைப்பதுதான் ஆபத்து. கியூ10 என்ற இணையச் சந்தையின் விஷயம் நினைவிருக்கும். 2024 ஜூலையில் அதன் குழுமத்தைச் சேர்ந்த தென்கொரியத் தளங்கள் வியாபாரிகளுக்குப் பணம் கொடுக்க முடியாமல் தடுமாறின. இங்கும் பணம் தாமதமாகிறது என்று புகார்கள் எழ, செப்டம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையம் அதன் கட்டணச் சேவையை நிறுத்தி வைக்க உத்தரவிட்டது. நவம்பரில் உயர் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லிவிட்டது. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வாராவாரம் பணம் தானாக வங்கிக்கு வரும்படி அமைத்துவிடுங்கள்.

வெளிநாட்டுச் சந்தைகளில் என் பொருள் எடுபடாது, எடை அதிகம். என் அண்ணி பட்டு நூல் வளையல் செய்து எட்ஸி என்ற அமெரிக்க இணையச் சந்தையில் விற்கிறார். அங்கே ஒரு பொருளைப் பட்டியலிட 20 அமெரிக்கக் காசு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விற்றால் 6.5 விழுக்காடு. 2022 ஏப்ரலுக்கு முன்பு அது 5 ஆக இருந்தது. அனுப்பும் கூலியாக வாங்குகிற தொகைமேலும் அந்த 6.5 விழும். வளையலுக்கு அது சின்னத் தொகை, பித்தளைக்குத் தாங்காது.

இரண்டு வருடமாகச் சொந்தமாக ஒரு சின்ன இணையத்தளமும் நடத்துகிறேன். அங்கே அட்டையில் பணம் கட்டினால், அதை வாங்கித் தரும் ஸ்டிரைப் நிறுவனத்துக்கு 3.4 விழுக்காடும் 50 காசும் போகும். அந்த 40 வெள்ளி விளக்குக்கு 1.86 தான், சந்தையில் 6.54. பேநவ் வழியாக, அதாவது வங்கியிலிருந்து வங்கிக்கு நேராக, அனுப்பினால் என் கணக்கில் அதுவும் இல்லை. ஆனால் தளத்தைத் திறந்து வைத்தால் மட்டும் யாரும் வந்துவிட மாட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே என்னிடம் வாங்கியவர்கள், கோயிலில் பழக்கமானவர்கள், தீபாவளிச் சந்தையில் பார்த்தவர்கள். சந்தையில் வாங்கியவர்களை அரட்டைப் பெட்டியில் வெளியே இழுக்கக் கூடாது என்பது விதி, நான் அதை மீறுவதில்லை. பெட்டிமேல் கடைப் பெயர் இருக்கிறது, வேண்டியவர்கள் தேடி வருகிறார்கள்.

இப்போது உருளியும் கார்த்திகைத் தொகுப்பும் சந்தையில் இருக்கின்றன. காமாட்சி விளக்கு இரண்டு இடத்திலும் இருக்கிறது, சந்தையில் அதற்கு விளம்பரம் ஓட்டுவதில்லை. மூன்றடிக் குத்துவிளக்கைச் சந்தையில் போடுவதே இல்லை. அதை வாங்குகிறவர்கள் எடை எவ்வளவு, அடிப்பாகம் எத்தனை அங்குலம், திருமண வரிசைக்கு ஜோடி கிடைக்குமா என்று வாட்ஸ்அப்பில் நிறையக் கேட்பார்கள். பொறுமையாகப் பேசி, படம் அனுப்பி, வேண்டுமானால் நேரில் வந்து தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கிப் போகிறார்கள்.