கிரீஸ் டிராப் சுத்தம் பண்ண வருஷக் காண்ட்ராக்டா? 42,000 ரூபாயைப் பறிகொடுத்தவள் சொல்கிறேன், கொஞ்சம் நில்லுங்கள்

மெஸ், டிபன் கடை, பிரியாணிக் கடை, கேட்டரிங் என்று சமையற்கட்டு வைத்துப் பிழைக்கும் எல்லாருக்கும் இது. கோபத்தில்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது வடபழனிப் பக்கம் ஒரு அசைவ மெஸ். பின்பக்கச் சந்தில், தரைக்கு அடியில் மூன்று அறை உள்ள கிரீஸ் தொட்டி, கிரீஸ் டிராப் என்பது இதைத்தான். பாத்திரம் கழுவும் தண்ணீர் முதல் அறையில் விழும், வேகம் குறையும், ஆறும். எண்ணெயும் மட்டன் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும். சோறு, மாவு, மசாலாக் கசடு எல்லாம் அடியில் படியும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் தடுப்புப் பலகைக்குக் கீழே நுழைந்து அடுத்த அறைக்கும், அங்கிருந்து தெருச் சாக்கடைக்கும் போகவேண்டும். இவ்வளவுதான் வேலை. மேலே மிதப்பதையும் அடியில் படிந்ததையும் சேர்த்து அளந்தால் தொட்டி ஆழத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் முழுசாக உறிஞ்சி எடுக்கவேண்டும். மேலே அள்ளிப் போட்டால் மட்டும் போதாது.

இதையெல்லாம் எனக்கு அழகாக விளக்கியதே என்னை ஏமாற்றியவன்தான்.

வீடு சுத்தம், சோபா சுத்தம், ஏசி சர்வீஸ் என்று எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பும் ஒரு ஆப். பெயர் வேண்டாம், வக்கீல் எழுதாதே என்கிறார். அதில் ‘கமர்ஷியல் கிச்சன்’ என்று ஒரு பிரிவு. விசாரித்தவுடனே ஒரு தம்பி வந்தான். காலில் கம்பூட், கையில் டேப். ஈரத்தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, எங்கள் இரும்பு மூடியைத் தானே நெம்பித் தூக்கினான். நீளமான குச்சியை விட்டு எடுத்து, “பாருங்க மேடம், மேல இவ்வளவு கொழுப்பு, அடியில இவ்வளவு சேறு, கால் பங்கைத் தாண்டிடுச்சு” என்று அளந்து காட்டினான். இதற்கு முன் வந்த எவனும் மூடிக்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு விலை சொல்லிவிட்டுப் போவான். இவன் கையைக் கழுவிவிட்டு வந்து மீன் சாப்பாடு சாப்பிட்டான். வேண்டாம் தம்பி என்று சொல்லியும் காசை எண்ணி வைத்தான். நம்பாமல் என்ன செய்வது? மாதத்துக்கு 3,500, வருஷத்துக்கு 42,000, மொத்தமாகக் கட்டினால் ‘பிரியாரிட்டி’. அந்த மேஜையிலேயே போனை எடுத்து நாற்பத்திரண்டாயிரத்தையும் அனுப்பினேன். இன்னொன்றும் சொன்னான்: தொட்டியில் எடுக்கும் கொழுப்பையும் பயோடீசலுக்கு அனுப்பி லிட்டருக்குக் காசு தருவார்களாம். பயோடீசலுக்கு என்று காசு கொடுத்து எடுப்பது சட்டியில் பொரித்து மிஞ்சும் எண்ணெயை. அழுகிய சேறோடு கலந்த தொட்டிக் கொழுப்பை அந்த விலைக்கு எவன் கேட்பான்?

முதல் தடவை லாரியோடு வந்தார்கள். உறிஞ்சினார்கள், சுரண்டினார்கள், ஒரு குறையும் சொல்லமுடியாது. அதுதான் தூண்டில். அடுத்த மாதத்திலிருந்து லாரி இல்லை. ஒரு பக்கெட், ஒரு நீளக் கரண்டி, ஒரு கேன் நீலத் தண்ணீர். மேலே மிதந்ததில் பாதியை அள்ளிக் கறுப்புக் கவரில் போட்டுக்கொண்டு, எங்கள் மாஸ்டரிடமே “அண்ணே, ஒரு அண்டா சுடுதண்ணி” என்று கேட்டு வாங்கி உள்ளே கவிழ்த்தார்கள். மாஸ்டர் அப்போதே “அக்கா, இவனுங்க கழுவல, கரைக்கிறானுங்க” என்றார். சரியாகச் சொன்னார். சுடுதண்ணீரும் அந்தக் கெமிக்கலும் சேர்ந்தால் கொழுப்பு கரைந்து ஓடத்தான் செய்யும். எங்கே ஓடும்? தெருக் குழாய்க்குள். அங்கே ஆறி மறுபடியும் உறையும். போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து சோப்புக் கட்டி மாதிரி இறுகிவிடும். லண்டனில் வைட்சாப்பல் சாக்கடைக்குள் 2017-இல் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் இப்படி ஒரு கட்டி கிடந்ததாம். அண்ணன் மகன் போனில் காட்டினான். நம் தெருக் குழாய்க்கு அவ்வளவு தேவையில்லை, கால்வாசி போதும்.

நாங்கள் கேட்டதற்கு, “இது பயோ என்சைம் மேடம், புது மெத்தட், லாரியே தேவையில்லை” என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஆப்பில் ரிப்போர்ட் வரும், முன்னே ஒரு படம், பின்னே ஒரு படம். ஒரு மாத ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால், ‘பின்னே’ படத்தில் பளபளவென்று எவர்சில்வர் மூடி, சுற்றிலும் நீல டைல்ஸ். எங்கள் சந்தில் டைல்ஸ் ஏது ஐயா? வெறும் சிமெண்டு, துருப்பிடித்த இரும்பு மூடி. எவன் கடைத் தொட்டியையோ எனக்கு அனுப்பியிருக்கிறான். போன் போட்டுக் கேட்டால், “சிஸ்டம் எரர் மேடம், அடுத்த விசிட்ல சரி பண்ணிடுவாங்க.”

அடுத்த விசிட் வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை மதிய நேரத்தில், பந்தி நடுவில், தெரு மேன்ஹோல் பொங்கியது. பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் வாசலில் வந்து நின்று கத்தினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதி இலையில் எழுந்து போனார்கள். குடிநீர் வாரியத்தில் புகார் கொடுத்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் வண்டி வந்து அடித்தது. உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகக் கட்டி கட்டியாக வெளியே வந்தது. வண்டியோடு வந்த பெரியவர் நேராக எங்கள் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏம்மா, நடுவுல தடுப்பு எங்க?” என்றார்.

தடுப்புப் பலகையைக் காணோம். தேடினால், சிலிண்டர் அறைக்குப் பின்னால் சுவரில் சாத்தி வைத்திருக்கிறது. அடியில் சேறு ஏறி ஏறித் தண்ணீர் எதிர்த்து வந்ததால், நாங்கள் போன் செய்து தொல்லை தரக்கூடாதென்று கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தடுப்பு இல்லையென்றால் அது தொட்டியே இல்லை, வெறும் பள்ளம். உள்ளே போனதெல்லாம் அப்படியே தெருவுக்குப் போயிருக்கிறது. இதற்கா நான் 42,000 கொடுத்தேன்?

அதற்குப் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல. கஸ்டமர் கேரில் ஒரு பெண், பாவம், அவளும் சம்பளத்துக்கு இருப்பவள்தான். “உங்க சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம், டிக்கெட் ரைஸ் பண்ணியாச்சு, 24 மணி நேரத்துல கால் வரும்.” கால் வரவில்லை. மெசேஜ்தான் வந்தது: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, ரேட்டிங் கொடுங்கள்.’ மறுபடி கூப்பிட்டால் வேறு ஆள், முதலிலிருந்து கதை. மீன் சாப்பாட்டுத் தம்பிக்குப் போட்டால், வேலையை விட்டுவிட்டானாம். மேலதிகாரி என்று ஒருவர் வந்தார் லைனில். “மேடம், கிளீனிங் மட்டும்தான் காண்ட்ராக்ட். பிளாக்கேஜ் அதுல வராது.” அடைப்பு வராமல் இருக்கத்தானே ஐயா சுத்தம் பண்ணச் சொல்வது? “அது உங்க ஸ்டாஃப் யூசேஜ் பொறுத்தது மேடம்.” தடுப்பைக் கழற்றியது யார் என்றால், “எங்க டீம் கழட்டினதுக்கு புரூஃப் இருக்கா?”

நான் விடாமல் கத்தியதில் ஒரு நாள் ஆள் அனுப்பினார்கள். லாரி இல்லை, மோட்டார் இல்லை. ஒரு சின்னப் பையன், ஒரு கயிறு, ஒரு பக்கெட். சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கப் போகிறான்! ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். ஆளை உள்ளே இறக்குவது என்ன சாதாரண விஷயமா? பாதுகாப்பு இல்லாமல் பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்கக்கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படி இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கவேண்டும் என்று 2023-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இது கிரீஸ் தொட்டிதானே என்கிறார்கள். மூடிக்கிடந்து அழுகிய தொட்டியில் வரும் விஷவாயு, இது செப்டிக்கா கிரீஸா என்று பார்த்துக் கொல்லுமா? முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றமும் தெரியாது. அந்தப் பையனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லவே இல்லை. “இறங்கலேன்னா இன்னிக்கு விசிட்டுக்குக் காசு வராது அக்கா” என்றான். சோறு போட்டு அனுப்பினேன். பணம் போனதைவிட எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்.

கடைசியாக வந்த பதில்: ‘நல்லெண்ண அடிப்படையில்’ 3,500 ரூபாய் திருப்பித் தருகிறார்களாம். பணமாக இல்லை, ஆப் வாலெட்டில். அதையும் வீட்டுச் சேவைக்குத்தான் பயன்படுத்தமுடியுமாம், சோபா சுத்தம் செய்யலாமாம். மெஸ்ஸில் எங்கே ஐயா சோபா? நாற்பத்திரண்டாயிரம் கொடுத்தவளுக்கு சோபா கூப்பன்! தனியாக லாரி பிடித்துத் தொட்டியைக் காலி செய்தது, தடுப்பை மறுபடி மாட்டியது, கடையை மூடிப்போட்டது, இதெல்லாம் அந்த 42,000-க்கு மேலே. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், வக்கீல் நோட்டீஸ் போகிறது.

எப்படிப் பராமரிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இட்லி மாவு அரைக்கப் போகவேண்டும், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். லாரி வந்து உறிஞ்சி முடித்த பிறகு, உங்கள் கண்ணால் அடித்தரையைப் பார்த்த பிறகு காசு. லாரிக்கு உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறான் என்று கேளுங்கள். சுடுதண்ணி கேட்டால் தராதீர்கள். நீலக் கேன், பவுடர், என்சைம் என்று எது ஊற்றினாலும் அடிச்சேறு அப்படியேதான் கிடக்கும். ஆட்கள் போனதும் தடுப்பு இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். படம் உங்கள் போனில் நீங்களே எடுங்கள். பாத்திரத்தைக் கழுவுமுன் கொழுப்பை வழித்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள், சிங்க்கில் வலை போடுங்கள். உள்ளே ஆளை இறக்குகிறேன் என்று எவன் சொன்னாலும் வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.