ப்ராஜெக்ட்டுக்கு மத்தியா, கடற்பஞ்சா?

கொழுப்பு அமிலத்தை எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டாக எடுக்கும் வண்ணாரப்பேட்டைத் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்.

கிடைப்பது
மத்தி: விடிகாலையில் காசிமேடு போனால் போதும், அரை கிலோ வாங்கி ஐஸில் போட்டு வந்துவிடலாம்.
கடற்பஞ்சு (கடலடியில் ஒட்டி வாழும் ஸ்பாஞ்ச் என்ற விலங்கு): இழுவலையில் ஏறி வந்தால் உண்டு. விசைப்படகு அண்ணன்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். சுண்ணாம்புக் கூடு உள்ள வகைகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வழிகாட்டியைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கைவேலை
மத்தி: தசையை அரைத்து, குளோரோஃபார்ம், மெத்தனால் கலவையில் போட்டால் எண்ணெய் இறங்கிவிடும்.
கடற்பஞ்சு: பிழியப் பிழியத் தண்ணீர்தான். பல வகைகளில் கண்ணாடி மாதிரி சிலிக்கா ஊசிகள் இருக்கும், விரலில் ஏறினால் நாள் முழுக்க உறுத்தும். கையுறை கட்டாயம்.

கிடைக்கும் விடை
மத்தி: ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களான ஈபிஏ (20 கார்பன், 5 இரட்டைப் பிணைப்பு), டிஹெச்ஏ (22 கார்பன், 6). ஒப்பிட்டுப் பார்க்கும் ஸ்டாண்டர்ட் கடையிலேயே கிடைக்கும்.
கடற்பஞ்சு: இங்கேதான் அழகு. 24 முதல் 30 கார்பன் வரை நீண்ட சங்கிலி. இரட்டைப் பிணைப்புகள் சங்கிலியின் 5, 9ஆம் கார்பன்களில். வேறெங்கும் அபூர்வம். கூடவே உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாவின் கிளைச்சங்கிலி அமிலங்களும் வரும். ஆனால் அமிலத்தை வழக்கம்போல் மெத்தில் எஸ்டராக மட்டும் மாற்றி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் எடையைப் பார்க்கும் கருவி) ஓட்டினால் பிணைப்பின் இடம் உறுதியாகாது; பைரோலிடைடு என்ற இன்னொரு வடிவமாக மாற்றி மறுபடி ஓட்ட வேண்டும்.

நாலு மாதம்தான் இருக்கிறது என்றால் மத்தி எடுங்கள். ஒரு வருடமும், பொறுமையான வழிகாட்டியும் இருந்தால் கடற்பஞ்சை விடாதீர்கள்.