பென்டாக்ஸ் கே1000-ஐ வைத்துக்கொண்டேன், கேனான் ஏஇ-1-ஐக் கொடுத்துவிட்டேன்: ஏன்?

ஃபிலிமில் படமெடுக்கும் ஆசை வந்து பழைய எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) தேடுகிறவர்களில் பலர் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள். இரண்டுமே 1976-இல் வெளிவந்தவை, பல லட்சம் பேர் வாங்கியவை. அதனால் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. என்னிடம் கொஞ்ச காலம் இரண்டுமே இருந்தன. ஒன்று போதும் என்று முடிவெடுத்தபோது ஏஇ-1 போனது. நான் கே1000 பக்கம் சாய்ந்தவன், அதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஏஇ-1-இல் ஷட்டர் வேகத்தை, அதாவது ஃபிலிமில் ஒளி விழும் நேரத்தை, நாம் வைத்தால் போதும், அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை, அதுவே தேர்ந்தெடுக்கும். நுண்செயலி வைத்த முதல் எஸ்எல்ஆர் அதுதான். ஓடியாடும் குழந்தைகளை எடுக்க அது நிச்சயம் வசதி. கே1000-இல் எல்லாம் கையால்தான். வியூஃபைண்டரின் ஓரத்தில் ஓர் ஊசி இருக்கும், அது நடுவில் வந்து நிற்கும்வரை வேகத்தையோ அப்பர்ச்சரையோ திருப்ப வேண்டும். செல்ஃப் டைமர்கூடக் கிடையாது. வசதிகளை வைத்து மதிப்பெண் போட்டால் ஏஇ-1 சுலபமாக ஜெயிக்கும்.

அடுத்து, படத்தின் தரம். கே1000-உடன் வழக்கமாக வருவது 50 மிமீ எஃப்2 லென்ஸ், ஏஇ-1-உடன் 50 மிமீ எஃப்1.8 (எஃப் எண் அப்பர்ச்சரின் அளவைக் குறிக்கும்). எது கூர்மை என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். எடுத்த படம் எங்கே போகிறது என்று பாருங்கள். 24×36 மிமீ நெகட்டிவை 2400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 3400×2270 பிக்சல் கிடைக்கும். நண்பர்களுக்கு அனுப்பும்போதோ இன்ஸ்டாகிராமில் போடும்போதோ அது இன்னும் சுருங்கி, உள்ளங்கை அளவுத் திரையில் ஒரு சில நொடிகள் பார்க்கப்படும். அந்த அளவில் இரண்டு லென்ஸ்களுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. பெரிய பிரிண்ட் போடுகிறவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். நான் போட்ட பிரிண்டுகள் எல்லாம் சிறியவை.

நிறத்துக்கும் கேமராவுக்கும் உறவு இன்னும் குறைவு. வண்ண நெகட்டிவின் அடித்தளமே ஆரஞ்சு நிறம். அதைக் கழித்து, தலைகீழாக்கி, இதுதான் நிறம் என்று முடிவு செய்வது ஸ்கேனரின் மென்பொருள். ஃபிலிம் கழுவும் லேபில் இயந்திரம் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகத் திருத்தும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒரே சுவர் இரண்டு நிறத்தில் வருவது அதனால்தான். ‘இந்தக் கேமராவின் நிறமே தனி’ என்று யாராவது சொன்னால், என்ன ஃபிலிம், யார் ஸ்கேன் செய்தது என்று கேளுங்கள்.

ஆக, பகிர்வதற்காகப் படமெடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்குப் படத் தரத்தில் இரண்டும் சமம். இனி ஒரே கேள்விதான் மிச்சம்: ஐம்பது வயதை நெருங்கும் இந்த இயந்திரங்களில் எது தொடர்ந்து ஓடும், நின்றுவிட்டால் எதைத் திரும்ப ஓட வைக்கலாம்?

கே1000-இன் ஷட்டர் இரண்டு துணித் திரைகள். அவற்றை இழுப்பது ஸ்பிரிங். ஒரு விநாடி, அரை விநாடி போன்ற மெதுவான வேகங்களைச் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் தாமதப்படுத்திக் காட்டுகின்றன. இதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. வயதாகும்போது எண்ணெய் இறுகும், ஸ்பிரிங் தளரும். அப்போது ஒரு விநாடி ஒன்றரை விநாடியாக இழுக்கும், 1/1000 கொஞ்சம் மெதுவாகும். மெதுவானால் ஃபிலிமில் ஒளி கூடுதலாக விழும். வண்ண நெகட்டிவோ, ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு ஒளி, கூடுதலாக விழுந்தாலும் தாங்கிக்கொள்ளும். திரைகளின் ஓட்டம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், அதிவேகத்தில் படத்தின் ஒரு பக்கம் இருண்டு வரும். அது நெகட்டிவிலேயே தெரியும். அடுத்த ரோலை 1/500-க்குள் எடுத்து முடித்துவிட்டு, சாவகாசமாகப் பழுதுபார்க்கக் கொடுக்கலாம். கோளாறு படிப்படியாக வருகிறது, முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

ஏஇ-1-இலும் திரை துணிதான். ஆனால் அதை எப்போது விடுவது என்று கணக்கிடுவது மின்சுற்று, விடுவிப்பது மின்காந்தம். ஆறு வோல்ட் பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் அசையவே அசையாது. மாற்றுப் பேட்டரி பையில் இருந்தால் அது பெரிய குறையல்ல. இந்த மாடலுக்கு இன்னொரு பெயர்போன வியாதியும் உண்டு: கிளிக் செய்யும்போது கீச்சென்று ஒரு சத்தம். உள்ளே கண்ணாடியை இயக்கும் பல்சக்கரங்களில் எண்ணெய் வற்றுவதுதான் காரணம். கைதேர்ந்தவர் ஒரு துளி எண்ணெயில் சரிசெய்துவிடுவார். சிக்கல் மின்சுற்று போகும்போதுதான். அந்தச் சுற்றை இன்று புதிதாக யாரும் தயாரிப்பதில்லை. இன்னொரு ஏஇ-1-ஐப் பிரித்து எடுக்க வேண்டும், அந்த உதிரியும் இதே அளவு வயதானது. அது எத்தனை நாள் தாங்கும் என்று பழுதுபார்ப்பவராலும் உறுதி சொல்ல முடியாது. பல்சக்கரத்தைக் கழுவலாம், ஸ்பிரிங்கை முறுக்கலாம், திரைத்துணியைக்கூட மாற்றலாம். செத்துப்போன சிப்பை என்ன செய்வது?

இதில் ஏஇ-1-க்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் இருக்கும்வரை அதன் ஷட்டர் வேகம் துல்லியமானது. எக்டாக்ரோம் போன்ற, நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமில் அரை ஸ்டாப் தப்பினாலே தெரிந்துவிடும். ஸ்லைடுதான் எடுப்பேன் என்கிறவர்களுக்கு, கூடுதல் ஒளி பற்றி மேலே சொன்ன சமாதானம் உதவாது. அவர்கள் கே1000 வாங்கினால் வேகங்களைச் சோதித்துச் சரிசெய்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

கே1000-க்கும் ஒரு பட்டன் பேட்டரி உண்டு, லைட் மீட்டருக்கு மட்டும். மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போடுவதுதான் அணைப்பது. பேட்டரி தீர்ந்தாலும் படமெடுக்கலாம். நல்ல வெயிலில் எஃப்16 வைத்து, ஃபிலிமின் ஒளி உணர்திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருங்கிய வேகத்தை வைத்தால் சரி. 200 ஃபிலிமுக்கு 1/250, 400-க்கு 1/500.

அப்புறம், லென்ஸ். கேமரா உடம்பு ஒருநாள் போய்விட்டாலும் பழைய கே மவுண்ட் (பென்டாக்ஸின் லென்ஸ் பொருத்தும் வளையம்) லென்ஸை இன்றைய பென்டாக்ஸ் டிஜிட்டல் எஸ்எல்ஆரில் நேரடியாகப் பொருத்தலாம், ஃபோகஸையும் அப்பர்ச்சரையும் கையால் திருப்ப வேண்டியிருக்கும். ஏஇ-1-இல் பொருந்தும் கேனானின் எஃப்டி லென்ஸ் கேனானின் சொந்த டிஜிட்டல் எஸ்எல்ஆர்களிலேயே நேராகப் பொருந்தாது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் டிஜிட்டல் கேமரா என்றால் அடாப்டர் போட்டு இரண்டையுமே பயன்படுத்தலாம்.

ஒலிம்பஸ் மியூ-2 போன்ற குட்டி ஆட்டோஃபோகஸ் கேமராக்களை இரவல் வாங்கி எடுத்ததோடு சரி. படங்கள் அருமையாக வந்தன. ஆனால் மோட்டார், ஃபோகஸ், ஷட்டர் எல்லாமே மின்னணு. ஏஇ-1 பற்றி எனக்கிருந்த பயம் அவற்றில் இன்னும் அதிகம்.

கேமராவில் பணத்தை மிச்சப்படுத்தி ஸ்கேனுக்குச் செலவிடுங்கள். மேக்ரோ லென்ஸ் போட்ட டிஜிட்டல் கேமராவும் நல்ல லைட் பேனலும் இருந்தால் வீட்டிலேயே நெகட்டிவைப் படம்பிடித்து, ரோல் முழுக்க ஒரே நிறத்தில் கொண்டுவரலாம். லேபில் கொடுத்தால் நெகட்டிவைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். சில லேப்கள் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடுகின்றன.

கே1000 பார்க்கப் போகிறீர்களா? லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, ஒவ்வொரு வேகத்திலும் தட்டிப் பாருங்கள். ஒரு விநாடியில் நடுவே தயங்கி நிற்கக் கூடாது. 1/1000-இல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் ஃபிலிம் வரும் இடம் முழுவதும் ஒரே சீராகப் பளிச்சிட வேண்டும். கதவோரப் பஞ்சு பிசுபிசுத்தால் பயப்பட வேண்டாம், அதை நாமே மாற்றிவிடலாம். பிற்காலத்துக் கே1000-களில் மேல்மூடி பிளாஸ்டிக். உலோக மூடி உள்ள பழையவற்றைத்தான் நான் தேடுவேன். ஏஇ-1-தான் வேண்டும் என்றால், திருப்பிக் கொடுக்க அவகாசம் தருகிறவரிடம் வாங்கி, அந்த அவகாசத்துக்குள் ஒரு ரோலாவது எடுத்துக் கழுவிப் பார்த்துவிடுங்கள்.