கொழுக்குமலை பேக்கேஜ்னு மதுரையில காசு கட்டப் போறவங்க இதைப் படிச்சிட்டுக் கட்டுங்க

மதுரையிலருந்து தேனிப் பக்கம் இருக்குற குரங்கணி, கொழுக்குமலை, மேகமலைனு வீக்கெண்டுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிட்டுப் போறவங்க இன்ஸ்டால நிறைய இருக்காங்க. எல்லாரையும் குத்தம் சொல்லல. ஆனா எங்களைக் கூட்டிட்டுப் போனவன் பண்ணது வெறும் காசு விஷயம் இல்ல, உயிர் விஷயம்.

தலைக்கு 3,800 ரூபா. ஃபாரஸ்ட் பெர்மிஷனோட அடிவாரத்துல இருக்குற குரங்கணியிலருந்து கொழுக்குமலைக்கு ட்ரெக்கிங், மேல டென்ட், காலையில சன்ரைஸ், லோக்கல் கைடு, சாப்பாடு எல்லாம் சேர்த்துன்னு போட்டிருந்தான். நானும் தம்பியும் தம்பியோட ஆபீஸ் ஆளுங்களும் ஜிபேல அனுப்பிட்டோம். பெர்மிஷன் பேப்பரைக் காட்டுப்பானு கேட்டதுக்கு "அதெல்லாம் எங்க பேர்ல மொத்தமா இருக்குண்ணே, நீங்க வந்து வண்டியில ஏறுங்க போதும்"னான்.

ராத்திரி ஆரப்பாளையத்துல ஏறுனோம். போடி வந்ததும் வண்டி குரங்கணி ரோட்டுல திரும்பாம நேரா போடிமெட்டு ஏறுது, கேட்டா ரூட் மாறிருச்சுங்கிறான், பூப்பாறை வழியா சூரியநெல்லியில கொண்டுபோய் இறக்கி ஜீப்புக்கு ஆளுக்கு 700 தனியா எடுங்கங்கிறான். கொழுக்குமலை நம்ம தேனி மாவட்டம்தான், ஆனா ஜீப் பாதை கேரளா பக்கம் சூரியநெல்லியிலருந்துதான் போகுது. அங்க வாடகை ஜீப்புக்குத்தான், தலைக்கு இல்ல. இதை டிரைவரே எங்ககிட்ட சொன்னாரு. பாதை பூரா பாறாங்கல்லு, அதுல ஒரே ஜீப்புல ஒன்பது பேரை அடைச்சு ஏத்துனான். மேல போய்ச் சேரும்போது சூரியன் உச்சிக்கு வராத குறை.

டென்ட் கதை இன்னும் மோசம். பொண்ணுங்களுக்குத் தனி டென்டுனு சொன்னதுக்கு அங்க ஒண்ணும் இல்ல, இருந்த டென்டுலயும் ஜிப் போடவே முடியல, கிட்டத்தட்ட 7,900 அடி உயரம், அந்தக் குளிர்ல எப்படிப் படுக்குறது? மேல கடை வச்சிருந்த ஒரு அம்மாதான் பொண்ணுங்களைக் கூப்பிட்டு உள்ள படுக்க வச்சாங்க. அந்தம்மா நல்லா இருக்கணும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மறுநாள் காலையில "வேன் கீழ குரங்கணியில நிக்குது, எல்லாரும் நடந்து இறங்கிருவோம்"ங்கிறான். மார்ச் மாசம். புல்லு அம்புட்டும் காஞ்சு கிடக்கு. கைடுனு ஒருத்தரும் இல்ல, கூட வந்த பையன் போன்ல மேப்பைப் பார்த்துட்டு நிக்கிறான். 2018 மார்ச் 11ஆம் தேதி இதே கொழுக்குமலையிலருந்து குரங்கணிக்கு இறங்கிட்டு இருந்தவங்கதான் காட்டுத்தீயில மாட்டுனாங்க, 20 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் சின்ன வயசுக்காரங்க. அதைச் சொன்னா "அது என்னைக்கோ நடந்ததுண்ணே"ங்கிறான்! காஞ்ச புல்லுல தீ சரிவுல மேல ஏறுற வேகத்துக்கு மனுசன் ஓட முடியாதுய்யா, காத்து வேற அடிச்சா எந்தப் பக்கம் ஓடுறதுன்னே தெரியாது. நாங்க ஒருத்தரும் இறங்க மாட்டோம்னு உக்காந்துட்டோம். அவன் பாட்டுக்குக் கிளம்பிப் போயிட்டான். கைக்காசைப் போட்டு ஜீப் பிடிச்சு சூரியநெல்லி வந்து பஸ் ஏறி ஊர் வந்தோம்.

அந்தப் பக்கம் நடக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு நேர் வழி இருக்கு. 2024 அக்டோபர்ல வனத்துறையே ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆன்லைன் புக்கிங் ஆரம்பிச்சாங்க, மொத்தம் 40 ரூட், அதுல குரங்கணி–சாம்பலாறும் ஒண்ணு. பயிற்சி குடுத்த உள்ளூர் ஆளுங்கதான் கைடா கூட வருவாங்க. தீ சீசன்ல மூடிருவாங்க, அந்த நேரத்துல எவனாச்சும் பெர்மிஷன் இருக்குன்னு சொன்னா அவன் சொல்றது பொய். மேகமலை 2021லருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துல வருது, அங்க யாருக்கும் தெரியாத ரூட்டுல கூட்டிட்டுப் போறேன்னு ஒருத்தன் வித்தான்னா மாட்டும்போது கேஸ் உங்க மேலயும்தான் வரும். பெர்மிஷன் பேப்பர் கண்ணுல படாம ஒரு ரூபா அனுப்பாதீங்க.

காசைத் திருப்பிக் கேட்டதுக்கு எங்க எல்லார் நம்பரையும் பிளாக் பண்ணிட்டான். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுத்திருக்கோம், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் பத்திரமா இருக்கு. இப்ப அதே போட்டோவைப் போட்டு வேற பேர்ல புதுப் பேஜ் ஓடுது, இதே மாசக் கடைசிக்கு குரங்கணினு தேதி போட்டிருக்கான், உங்க காலேஜ் குரூப்பு, ஆபீஸ் குரூப்புல யாராச்சும் அதுல பேர் குடுத்திருந்தா இன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லிருங்க.