பழைய ஆட்டோமேட்டிக் கார்: எந்த கியர் பாக்ஸ் எப்படிப் படுக்கும்?

அக்காவுக்கு இடது முழங்காலில் தேய்மானம். குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு தினமும் க்ளட்ச் மிதித்துப் போய் வருவதை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். மாமா என்னைக் கூப்பிட்டு, "அஞ்சு லட்சத்துக்குள்ள ஒரு ஆட்டோமேட்டிக் பாருடா. பழசா இருந்தாலும் பரவாயில்ல. நடுரோட்டுல நிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இரண்டு மாதம் தேடினேன். விளம்பரத்தில் எல்லா வண்டியும் "ஆட்டோமேட்டிக்" தான். ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. எங்கள் பட்டியலில் இரட்டை க்ளட்ச் உள்ள ஃபோர்டு ஃபிகோ 1.5, ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ இருந்தன. கியரே இல்லாத சிவிடி உள்ள ஹோண்டா ஜாஸ், மாருதி பலேனோ, நிஸான் மைக்ரா இருந்தன. அப்புறம் மேனுவல் பெட்டியையே தானாக இயக்கும் ஏஎம்டி உள்ள மாருதி செலேரியோ, எண்ணெய் வழியே இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஹூண்டாய் ஐ10. நல்ல நிலையில் இருக்கும்போது எல்லாமே சுகமாகத்தான் ஓடும். அதனால் வண்டி ஓட்டிப் பார்த்ததைவிட, உரிமையாளர்களின் புகார்களைப் படிக்கவும் மெக்கானிக்குகளிடம் கேட்கவும்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். எது அடிக்கடி பழுதாகிறது என்பதோடு, பழுதாகும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகிறதா, சொல்லாமல் போகிறதா, நம் ஊர் ஷெட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய முடியுமா என்பதும் எனக்கு முக்கியமாக இருந்தது.

இரட்டை க்ளட்ச்: ஃபிகோவும் போலோவும்

ஓட்டுவதற்கு இதைவிட இன்பமான கியர் பெட்டி இந்த விலையில் கிடையாது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு க்ளட்ச், இரட்டைப்படைக்கும் ரிவர்ஸுக்கும் இன்னொரு க்ளட்ச். நீங்கள் மூன்றாவதில் போய்க்கொண்டிருக்கும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். மாறுவது தெரியாது.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு வண்டியிலும் இருப்பது உலர் க்ளட்ச். குளிர்விக்க எண்ணெய் கிடையாது. தாம்பரம் பக்கம் மாலை ஆறரை மணிக்கு நடக்கும் வேகத்தில் ஊர்ந்தால், தகடுகள் பாதி சேர்ந்தும் பாதி சேராமலும் உரசிக்கொண்டே இருக்கும். சூடு ஏறும், தேயும்.

பல்லாவரம் பக்கம் ஒரு ஷெட்டில், ஒரு வண்டியிலிருந்து இறக்கி வைத்திருந்த இரட்டை க்ளட்ச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்டம், தூக்கினால் நல்ல கனம். ஓரமெல்லாம் அடுப்புக் கரி போல மெல்லிய கருப்புத் தூள். ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் பட்டுப் பளபளத்தது. மெக்கானிக் அண்ணன் விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க எண்ணெய் இருக்கவே கூடாது தம்பி. ஷாஃப்ட் சீல் கசிஞ்சு உள்ள வந்திருக்கு. ரெண்டாவது கியர்ல உதறுதுன்னு சொல்வாங்களே, அது இதுதான்."

அவர் கையில் இருந்ததுதான் ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை க்ளட்ச் பெட்டி பற்றி உலகம் முழுக்க எழுந்த புகாரும். அமெரிக்காவில் 2011 முதல் 2016 வரையிலான ஃபியஸ்டா, 2012 முதல் 2016 வரையிலான ஃபோகஸ் உரிமையாளர்கள் சொன்னது ஒரே கதை: கிளம்பும்போது உதறல், சிக்னலில் தயக்கம், சில வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை போய்விடுவது. உதறலுக்குக் காரணம் உள்ளீட்டு ஷாஃப்ட் சீல் கசிவும் க்ளட்ச்சும். இழுவை போவதற்குக் காரணம் பெட்டியைக் கட்டுப்படுத்தும் மின்னணு மாட்யூல். ஃபோர்டு அங்கே க்ளட்ச்சுக்கும் சீலுக்கும் 7 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல், மாட்யூலுக்கு 10 ஆண்டு அல்லது 1.5 லட்சம் மைல் என்று வாரண்டியை நீட்டியது. கூட்டு வழக்கு 2020-ல் சமரசத்தில் முடிந்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்ததுதான் என்னை அதிகம் பாதித்தது. புகார் சொல்லி வந்தவர்களிடம் உதறலுக்குக் காரணம் அவர்கள் ஓட்டும் விதம்தான் என்று சொல்லப்பட்டது. புகார்களைக் கையாண்ட விதம் நியாயமற்றது என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட, 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பணம் கொடுத்து வாங்கியவரிடமே தப்பு உன்மேல்தான் என்று சொல்வது, பழுதைவிட மோசமான காயம். அப்படிச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். குடும்பத்துக்குள்ளேயே "உனக்கு ஓட்டத் தெரியலை" என்ற பேச்சு வேறு வரும்.

நம் ஊருக்கு இந்த வகைப் பெட்டி 2013-ல் மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டிலும், 2015-ல் ஃபிகோ 1.5-லும் வந்தது. 2017 நவம்பரில் ஈகோஸ்போர்ட் புது முகத்தோடு வந்தபோது இரட்டை க்ளட்ச் இல்லை, அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர். பிறகு ஃபிகோவுக்கும் அதே மாற்றம். எந்த அறிக்கையையும்விட இந்த மாற்றம் எனக்குத் தெளிவாகப் பேசியது.

போலோவின் ஏழு கியர் டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வேகன் தன் இரட்டை க்ளட்ச் பெட்டிக்கு வைத்த பெயர்) பொறியியலில் ஒரு படி மேல். ஆனால் அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. கியரையும் க்ளட்ச்சையும் இயக்கும் மெக்கட்ரானிக் என்ற ஒரு தொகுப்பு, மின்சுற்றும் எண்ணெய் அழுத்தமும் ஒன்றாகச் சேர்ந்தது. அதில் கோளாறு வந்தால் உதறிக்கொண்டே பல மாதம் ஓடாது. டிஸ்ப்ளேயில் கியர் எழுத்து மினுக்கும், ரிவர்ஸும் இரட்டைப்படை கியர்களும் காணாமல் போகும், சில சமயம் வண்டி அங்கேயே நிற்கும். 2013-ல் சீனாவில் மட்டும் 3,84,181 வண்டிகளை ஃபோக்ஸ்வேகன் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உலக அளவில் சுமார் 16 லட்சம் வண்டிகளில் செயற்கை கியர் எண்ணெயை எடுத்துவிட்டு கனிம எண்ணெய் ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய ஊர்களில், நின்று நின்று போகும் நெரிசலில் அந்தச் செயற்கை எண்ணெய் மின்கோளாறுக்கு வழிவிடலாம் என்பதுதான் காரணம். வெப்பம், ஈரம், நெரிசல். மே மாதச் சென்னையை வேறு எப்படி வர்ணிப்பது?

2020-ல் போலோவுக்கு 1.0 டிஎஸ்ஐ எஞ்சின் வந்தபோது, அங்கேயும் டிஎஸ்ஜி போய் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் வந்தது. பிறகு 2021-ல் ஃபோக்ஸ்வேகன் டைகுனின் 1.5 லிட்டரில் டிஎஸ்ஜி திரும்பி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டியே தப்பு என்று நான் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடிய, எல்லா சர்வீஸ் ரசீதும் உள்ள போலோ கிடைத்தால், ஓட்டுவதை விரும்புகிறவர் வாங்கலாம். ஃபிகோவா போலோவா என்றால் போலோதான். ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-லேயே அறிவித்துவிட்டது, பழைய பெட்டிக்கு உதிரி தேடி அலைய அக்காவுக்கு நேரமில்லை.

எஞ்சின் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய ஈகோஸ்போர்ட்டில் மேனுவல் வாங்குவோம் என்று 1.0 ஈகோபூஸ்ட் எஞ்சின் பக்கம் போகிறவர்கள், அதன் டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் ரப்பர் பட்டை) எண்ணெய்க்குள் மூழ்கி ஓடுவது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தப்பான எண்ணெயோ, மாற்றாத எண்ணெயோ இருந்தால் ரப்பர் உதிரும். உதிர்ந்த துகள் எண்ணெய் சல்லடையை அடைக்கும், எண்ணெய் அழுத்தம் விழும், அதோடு எஞ்சினும் போகும். 2013 வண்டிகள் பத்து வயதைத் தாண்டிவிட்டன. பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

சிவிடி: சரித்திரம் தெரிந்தால் மட்டும்

கியரே கிடையாது. இரண்டு கப்பிகள், நடுவில் எஃகுப் பட்டை. கப்பி விரிந்து சுருங்கி வேகம் மாறும். அக்கா ஜாஸை ஓட்டிவிட்டு, "ஸ்கூட்டி மாதிரியே இருக்குடா" என்றாள். அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இங்கே எல்லாம் எண்ணெயின் கையில். அழுத்தம் குறைந்து பட்டை வழுக்கினால் கப்பியின் முகத்தில் கீறல் விழும், உலோகத் தூள் கிளம்பும், அந்தத் தூளே மற்றதையும் கெடுக்கும். அமெரிக்காவில் நிஸான் வெர்சா, சென்ட்ரா உரிமையாளர்கள் சொன்னதும் இதையொட்டித்தான்: நடுக்கம், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் கத்தும், ஆனால் வண்டி ஏறாது. வழக்குகளுக்குப் பிறகு 5 ஆண்டு, 60,000 மைல் என்றிருந்த வாரண்டி 7 ஆண்டு, 84,000 மைலாக நீண்டது. 2012 மாடலாக வந்த அந்த வெர்சா செடான்தான் நம் ஊரில் சன்னி என்ற பெயரில் ஒரகடத்திலிருந்து வந்தது. மைக்ராவும் அங்கே செய்ததுதான்.

ஹோண்டாவின் சிவிடி பற்றி அந்த அளவு புகார் என் கண்ணில் படவில்லை. ஆனால் அதற்கென்றே உள்ள ஹெச்சிஎஃப்-2 எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒரே ஆயில்தான் சார்" என்று சொல்லி எதையோ ஊற்றும் ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் சிவிடி எண்ணெய் எப்போது, எங்கே மாற்றியது என்ற ரசீதை நான் பார்த்த மூன்று ஜாஸ்களின் உரிமையாளர்களிடமும் கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. ஒருவர், அதில் எண்ணெய் மாற்ற வேண்டும் என்பதே தனக்குத் தெரியாது என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. ஆனால் பழுதானால் பெரும்பாலும் முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்லும் ஒரு பொருளை அந்த நிலையில் எப்படி வாங்குவது?

ஏஎம்டி: குலுக்கும், ஆனால் பிழைக்கும்

2014 பிப்ரவரியில் செலேரியோவோடு இந்தியாவுக்கு வந்தது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ், சாதாரண ஒற்றை க்ளட்ச். நம் காலும் கையும் செய்வதை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. கியர் மாறும்போது தலை லேசாக முன்னே போய்ப் பின்னே வரும். இதுதான் எல்லோரும் சொல்லும் குறை. மேட்டில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலேயே தாங்கிப் பிடிப்பவர்களுக்கு க்ளட்ச் சீக்கிரம் கருகும்.

ஆனால் க்ளட்ச் போனால் விஷயம் தெரிந்த ஷெட்டிலேயே மாற்றலாம், சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆக்சுவேட்டர் போனால் செலவு கூடும், வண்டியும் நிற்கும். அப்போதும் உள்ளே இருக்கும் கியர் பாக்ஸ் பத்திரமாக இருக்கும். பட்ஜெட் மூன்று லட்சம்தான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

டார்க் கன்வெர்ட்டர்: பழைய ஐ10

நான்கே கியர். ஓவர்டேக் செய்ய நினைத்தால் ஒரு மூச்சு விட்டு யோசிக்கும். மைலேஜ் மேனுவலைவிட நன்றாகவே குறையும். தாளில் எழுதிப் பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் தோற்கும்.

ஆனால் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே உரசும் தகட்டுக்குப் பதிலாக எண்ணெய்ச் சுழல் இருக்கிறது. ஊர்ந்து போகும்போது வழுக்குவது எண்ணெய்தான். அந்தச் சூட்டை எண்ணெயே கூலருக்குக் கொண்டுபோய்விடும். பிரேக்கை விட்டால் தானாக நகரும், நெரிசலில் அப்படி உரசித் தேய்வது இல்லை. இதன் 1.2 கப்பா எஞ்சினில் டைமிங் செயின், மாற்ற வேண்டிய பெல்ட் இல்லை. கெடும்போதும் கியர் ஏறத் தாமதிக்கும், மாறும்போது தட்டும், பெரும்பாலும் முன்பே தெரியும்.

ஓட்டிப் பார்க்கும்போது

வண்டியைச் சூடாக்கி வைத்துவிட்டுக் கூப்பிடுவார்கள். முந்தைய நாளே, "காலையில் ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் முதல் நகர்வைப் பாருங்கள், அப்புறம் அரை மணி நேரம் நெரிசலிலேயே ஓட்டுங்கள். கடைசியில், நன்றாகச் சூடேறிய பிறகு, அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் சாய்வில் ரிவர்ஸில் ஏற்றுங்கள். நான் பார்த்த இரட்டை க்ளட்ச் வண்டிகளில் ஒன்று சாலையில் வெண்ணெய் போல ஓடியது. அந்தச் சாய்வில் ரிவர்ஸ் போட்டதும் ஸ்டியரிங்கே கையில் நடுங்கியது. விற்க வந்தவர் சொன்னார்: "பழகினா சரியாயிடும் சார். ஓட்டுற விதத்துல இருக்கு."

ஏற்கெனவே வாங்கி இந்த உதறலோடு அல்லாடுகிறவர்களுக்கு: சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த கியரில், எந்த வேகத்தில் என்று ஜாப் கார்டில் (வேலைச் சீட்டில்) எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள், வீடியோவும் எடுத்து வையுங்கள். அடுத்த கட்டமாகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே உங்களுக்காகப் பேசுவது அந்தத் தாள்தான்.

கடைசியில் 2013 ஐ10 ஒன்று வேளச்சேரியில் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஒருவர் வைத்திருந்தது, 41,000 கிலோமீட்டர், ரசீதெல்லாம் பிளாஸ்டிக் உறையில் வரிசையாக. முதல் வாரமே கியர் எண்ணெயை மாற்றினோம். பழுப்பாக வந்தது, ஆனால் கருகல் வாடை இல்லை, தூளும் இல்லை. பல்லாவரத்து அண்ணன் விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நகரத்துக்குள் லிட்டருக்குப் பதினொன்று கொடுக்கிறது. மாமா பெட்ரோல் கணக்குப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், அக்கா முழங்கால் பட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.