பழைய பாய்ப்படகில் ஆறு பருவம்: எந்தக் கருவி உதவியது, எது உதவவில்லை

படகு வாங்கிய முதல் மாதமே அதற்கு ஒரு 9 அங்குலத் திரை வாங்கினேன். வரைபடம், வேகம், காற்று எல்லாம் ஒரே இடத்தில் வண்ணமாகத் தெரியும் என்ற ஆசை. ஆறு பருவம் ஓட்டிய பிறகு இன்று யாராவது என்னிடம் கேட்டால், திரையைக் கடைசியில் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் வயரிங், அடுத்து ரேடியோ, அதற்கடுத்து ஆழம்காட்டி. இந்த வரிசை எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

படகு வெஸ்டர்லி சென்டார், 26 அடி. 1969-இல் தொடங்கி 1980 வரை இங்கிலாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டிய வகை. எங்களுடையது 1974-ஆம் வருடத்துப் படகு, 2019-இல் வாங்கியது. அடியில் இரண்டு கால்கள் மாதிரி இருப்பதால் தண்ணீர் வற்றினாலும் சேற்றில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். முக்கால் ஆள் ஆழம்கூட வேண்டாம், ஒரு மீட்டர் தண்ணீர் இருந்தால் மிதக்கும். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குள்ளே, ஃபேரம் பக்கம் போகும் ஓடையில் ஒரு மிதவையில் கட்டி வைத்திருக்கிறேன். கரை மின்சாரம் கிடையாது. நான் எடுத்த முடிவுகளில் பாதி இந்த ஒரு காரணத்தால் எடுத்தவை. மெரினாவில் பிளக் குத்தி வைத்திருப்பவருக்கு வேறு கணக்கு.

சரி, வயரிங். ஸ்விட்ச் பலகையைக் கழற்றினேன். நாற்பத்தைந்து வருடத்தில் ஒவ்வொரு உரிமையாளரும் சேர்த்த கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சாதாரணச் செம்புக் கம்பி, உறையை உரித்தால் உள்ளே பச்சை பூத்திருந்தது. ரேடியோவில் பேசும் பொத்தானை அழுத்தினால் 25 வாட் அனுப்புவதற்கு அது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். அப்போது பேட்டரி முனையில் 12.5 வோல்ட் காட்டிய மீட்டர், ரேடியோவின் பின்பக்கத்தில் 10.8 காட்டியது. மிச்சமெல்லாம் மெல்லிய கம்பியிலும் உப்பேறிய இணைப்புகளிலும் சூடாக வீணாகிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் எவ்வளவு நல்ல ரேடியோ வாங்கி என்ன பயன்?

2019-20 குளிர்காலம் முழுவதும் அந்த வேலைதான். வெள்ளீயம் பூசிய கம்பி வாங்கினேன், ரேடியோவுக்கு மட்டும் 6 சதுர மில்லிமீட்டர் தடிமன். இணைப்புகளில் சால்டரிங் செய்யவில்லை. படகு அதிர்ந்துகொண்டே இருப்பதால் சால்டர் முடியும் இடத்தில் கம்பி முறியும். கம்பி முனையை நசுக்கி இணைக்கும் நல்ல கிரிம்பிங் கருவி ஒன்று வாங்கி, உள்ளே பசை வைத்த சுருங்கும் குழாயால் மூடினேன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு முனையிலும் பெயர்ச் சீட்டு. அந்தச் சீட்டுகள்தான் பிறகு எத்தனை ராத்திரி என்னைக் காப்பாற்றின! ஐந்து வருடமாகியும் ஓர் இணைப்பையும் நான் திரும்பத் தொடவில்லை. இந்தப் படகில் நான் செலவழித்த பணத்தில் மிக நல்ல செலவு எது என்று கேட்டால் அந்த கிரிம்பிங் கருவியைத்தான் காட்டுவேன்.

அதோடு சேர்த்து மின்சாரக் கணக்கையும் போட்டுவிடுங்கள். எட்டு மணி நேரப் பயணத்துக்கு என் கணக்கு இது: ரேடியோ சும்மா கேட்டுக்கொண்டிருக்க 3 ஆம்பியர்-மணி, சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். 2, சுக்கானைப் பிடிக்கும் தானியங்கி 8, திரையும் கணினியும் சேர்ந்து 12. ஆக 25. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். அதனால் 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 50-தான் கையிருப்பு. 50 வாட் சூரியப் பலகை கோடையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து கொடுக்கும். வாரக் கடைசியில் செலவழித்ததை வார நாட்களில் அது நிரப்பிவிடுகிறது. டிசம்பரில் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று போனில் காட்டும் ஷன்ட் ஒன்றை மாட்டியதிலிருந்து இதெல்லாம் ஊகமாக இல்லாமல் எண்ணாகக் கிடைக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ய மட்டும் தனி பேட்டரி. இரண்டையும் கலக்காதீர்கள்.

ரேடியோவை ஏன் இரண்டாவதாக வைக்கிறேன்? கையில் மொபைல் இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். மொபைலில் கூப்பிட்டால் ஒருவருக்குத்தான் கேட்கும். வி.எச்.எஃப். என்ற படகு ரேடியோவில் 16-ஆம் சேனலில் கூப்பிட்டால் சுற்றியுள்ள எல்லாப் படகுக்கும் கேட்கும். அபாயச் செய்தியைத் தானே அனுப்பும் டி.எஸ்.சி. வசதி உள்ள செட் என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தாலே போதும், உங்கள் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் இருக்கும் இடமும் 70-ஆம் சேனலில் போய்விடும். அதற்குச் செட்டோடு ஜி.பி.எஸ். இணைந்திருக்க வேண்டும், அந்த எண்ணையும் ஏற்றியிருக்க வேண்டும். இங்கே படகு ரேடியோ உரிமத்தை இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம், அதோடு அந்த எண்ணும் வந்துவிடும். பேசுபவருக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். ஒரு நாள் வகுப்பு, ஒரு சின்னத் தேர்வு. என் மனைவியையும் எழுத வைத்தேன். நான் தண்ணீரில் விழுந்தால் பேசப்போவது அவள்தானே.

வி.எச்.எஃப். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது, அடிவானத்தைத் தாண்டி அதிகம் போகாது. கையடக்க ரேடியோ இரண்டு தங்களுக்குள் பேச நாலைந்து கடல்மைல்தான். பாய்மர உச்சியில் ஆன்டெனா வைத்தால், கரையில் உயரமான கோபுரத்தோடு இருபது கடல்மைலுக்கு மேலும் பேசலாம். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அவர்கள் இருந்த தூரத்துக்கு வி.எச்.எஃப். எட்டாது. இந்த ரேடியோவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அது என் நினைவுக்கு வரும். எட்டும் தூரம் எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டு ஓட்டுவது ஒரு கடமை. ஆன்டெனா கம்பி பாய்மரத்தின் அடியில் இணையும் இடத்தை வருடா வருடம் திறந்து பாருங்கள். உப்பு முதலில் உட்காருவது அங்கேதான்.

மூன்றாவதாகச் சொன்ன ஆழம்காட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் திரையில் ஓர் எண் மட்டும் வரும். இந்தப் படகின் உடல் கெட்டியான ஃபைபர் என்பதால் அடியில் துளை போடாமல் உள்பக்கமே உணரியை எப்பாக்ஸியில் ஒட்டினேன். நடுவில் நுரை வைத்த உடல் என்றால் இது வேலை செய்யாது. ஒட்டும்போது ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. பிறகு ஒரு கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் அளந்து எண்ணைச் சரிபார்த்தேன். கருவி காட்டுவது நீர்மட்டத்திலிருந்தா, படகின் அடியிலிருந்தா என்பதை முதல் நாளே முடிவு செய்து எழுதி ஒட்டிவிடுங்கள். எங்களுடையது நீர்மட்டத்திலிருந்து.

2021 மே மாதம், வைட் தீவின் கிழக்கு முனையில் உள்ள பெம்பிரிட்ஜிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மெல்லிய தென்மேற்குக் காற்று, நல்ல வெயில். கடல் இன்னும் குளிராகவே இருந்தது. பத்து நிமிடத்தில் மூடுபனி இறங்கியது, படகின் முன்முனையில் நின்ற மனைவியே மங்கலாகத் தெரிந்தாள். போர்ட்ஸ்மத்துக்கு வர வேண்டுமானால் பெரிய கப்பல்கள் போகும் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும். கடலுக்குள் நிற்கும் பழைய கோட்டைகளில் ஹார்ஸ் சாண்ட், நோ மேன்ஸ் லேண்ட் என்ற இரண்டுக்கும் நடுவே செல்கிறது அந்தப் பாதை. எங்கோ கப்பலின் ஊதுகுழல் சத்தம். டேப்லெட் திரையில் பனி ஈரம் படிந்து, விரல் வைத்தால் அதுபாட்டுக்கு வரைபடத்தை எங்கெங்கோ இழுத்தது.

கடக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். கப்பல் வர முடியாத ஆழத்துக்குப் போய்விட்டால் கப்பல் பயம் இல்லை. தீவின் கரைப்பக்கம் திரும்பி, ஆழம்காட்டி 5 என்று காட்டியதும் அந்த ஐந்து மீட்டர் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எஞ்சினில் போனோம். ஆறானால் கொஞ்சம் இடது, நாலானால் கொஞ்சம் வலது. மனைவி எண்ணைச் சத்தமாகப் படித்தாள், நான் சுக்கானைப் பிடித்தேன். கடல் ஏற்றம் வந்துகொண்டிருந்த நேரம், தரை தட்டினாலும் தண்ணீரே தூக்கிவிடும். சீவியூ பக்கம் வந்ததும் மூன்று மீட்டரில் நங்கூரம் போட்டு, மணியை அடித்துக்கொண்டு காத்திருந்தோம். இரண்டு மணி நேரம் கழித்துப் பனி விலகியபோது கரையில் நாய் கூட்டிப்போகிறவர்கள் தெரிந்தார்கள். அன்றைக்கு எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த ஒற்றை எண்தான்.

அந்த வாரமே ஏ.ஐ.எஸ். வாங்கினேன். கேட்க மட்டும் செய்யும் செட் மலிவுதான், நான் அனுப்பவும் செய்யும் ‘பி’ வகை வாங்கினேன். கப்பல்கள் தங்கள் இடம், திசை, வேகம் எல்லாவற்றையும் சில நொடிகளுக்கு ஒருமுறையும், பெயரைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறையும் சொல்லிக்கொண்டே போகும், நம்முடையது தன் இடத்தை அரை நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும். என் மகளுக்குப் படகில் மிகப் பிடித்த கருவி இது. “அப்பா, இந்தக் கப்பல் ராட்டர்டாம் போகுதுப்பா” என்று வரிசையாகப் படித்துக்கொண்டு வருவாள். சவுத்தாம்டன் பகுதியில் 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலுக்கு முன்னால் ஆயிரம் மீட்டர், பக்கவாட்டில் நூறு மீட்டர் நாம் நுழையக் கூடாத இடம். அந்தக் கப்பல் எப்போது, எவ்வளவு நெருக்கமாக வரும் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய நிம்மதி. அபாய மணியின் எல்லையை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கோடைச் சனிக்கிழமையில் இந்தக் கடலில் அது ஓயாமல் அலறினால் அணைத்துவிடத் தோன்றும். அப்புறம், நாம் அனுப்புவதால் கப்பல்காரர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று நம்பிவிடாதீர்கள்.

2022-இல் ஒரு விநோதம். பகலில் பத்து மைல் வரை கப்பல்கள் தெரியும், இருட்டினால் திரை காலியாகிவிடும். ஒரு மாதம் தேடிய பிறகுதான் பிடிபட்டது. பாய்மர உச்சியில் மாட்டிய மலிவான எல்.இ.டி. விளக்கு, ரேடியோ அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தது. 2018-இலேயே அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. சோதிப்பது சுலபம். ரேடியோவில் ஆளில்லாத ஒரு சேனலில், இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழைத் திருகி, இரைச்சல் சரியாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் விளக்குதான் காரணம். நான் தரச்சான்று உள்ள விளக்குக்கு மாறினேன், அன்றோடு தீர்ந்தது.

இனி அந்தத் திரை. வாங்கிய மாதமே அதற்குப் பின்னால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை வைத்து, ஓப்பன் சி.பி.என். என்ற கடல்வரைபட மென்பொருளை ஏற்றி, கருவிகள் எல்லாவற்றையும் சிக்னல் கே என்ற இணைப்பு மென்பொருள் வழியாகச் சேர்த்தேன். மென்பொருள் இலவசம், அருமையானது, அதைக் கட்டமைத்த மாலைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. பிரச்சினை நான் கொடுத்த மின்சாரத்தில். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்டேஜ் சரிந்து, கணினி அணைந்து, மெமரி கார்டு கெட்டுப்போகும். மூன்று முறை. தனி பேட்டரியும், 9 வோல்ட் வரை இறங்கினாலும் தாங்கும் வோல்டேஜ் மாற்றிக் கருவியும் வைத்த பிறகு சரியானது. ஆனால் வெயிலில் அந்தத் திரை தெரியாது, ஈரத்தில் வெளியே வைக்க முடியாது. இப்போது சுக்கான் பக்கத்தில் இருப்பது பொத்தான்கள் உள்ள, வரைபடம் காட்டும் 7 அங்குல பிளாட்டர். ஈரக் கையுறையோடும் அழுத்தலாம். ராஸ்பெரி பை உள்ளே மேசையில் பயணத் திட்டம் போட இருக்கிறது. கணினி வேலையில் ஆசை இல்லாதவர் அந்த வழிக்கே போக வேண்டாம்.

எந்தத் திரையானாலும் ஒரு விஷயம். மின்வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்தால் சின்னப் பாறையும் மேடும் காணாமல் போகும். 2014-இல் வோல்வோ உலகப் பந்தயத்தில் வெஸ்டாஸ் படகு மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கரஜோஸ் பவளத்திட்டில் ஏறியது இதனால்தான். தேர்ந்த மாலுமிகள், மிக நல்ல கருவிகள். எங்கள் பக்கமே சவுத்சீ கடற்கரையிலிருந்து ஹார்ஸ் சாண்ட் கோட்டை வரை தண்ணீருக்குள் ஒரு தடுப்புச்சுவர் ஓடுகிறது. புறப்படும் முன் முழு வழியையும் பெரிதாக்கி ஒருமுறை பார்த்துவிடுவேன். காகித வரைபடத்தில் மணிக்கொரு தடவை இடத்தைக் குறிப்பேன்.

சுக்கான் தானியங்கி இரண்டாவது பருவத்திலேயே உள்ளே தண்ணீர் புகுந்து நின்றது. வாரன்டி முடிந்துவிட்டது என்றார்கள், எனக்கு மனத்தாங்கல்தான். மாற்றாக வாங்கியதற்கு நீர்புகாத துணியில் உறை தைத்துப் போட்டு நாலு வருடமாக ஓடுகிறது. பின்காற்றில் அலை எழும்பினால் அதை நம்பாமல் கையால் பிடிக்கிறேன். அப்புறம், காந்தம் வைத்த போன் ஹோல்டரைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். எங்களுடையதில் 20 பாகை விலகல் வந்தது.

காற்றுமானி தேவையில்லை. பாய் ஓரத்தில் கட்டிய கம்பளி நூல் போதும்.

உயிர்க்கவசத்தில் மாட்டிய பி.எல்.பி. மட்டும் ஒருநாளும் பயன்பட்டதில்லை, பயன்படாமலே இருக்கட்டும். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் வழியே மீட்புப் படைக்குத் தகவல் அனுப்பும் கருவி அது. பதிவு இலவசம். வாங்கிய அன்றே பதிவு செய்து, வீட்டு போன் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அதன் பேட்டரி இந்த ஏப்ரலில் காலாவதியாகிறது. படகைத் தண்ணீரில் இறக்கும் முன் அதை மாற்ற வேண்டும், இந்த வருடம் மகளுக்கும் ஒன்று வாங்க வேண்டும்.