'60×60' என்று போட்ட பைனாகுலரை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

கோலாலம்பூரில் பறவை பார்ப்பதற்கோ காடு சுற்றுவதற்கோ பைனாகுலர் வாங்க நினைப்பவர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். நகரின் நடுவில் ஒரு பேரங்காடிக் கடையில் எங்களுக்கு நடந்தது இது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே மாதிரிச் சரக்கு இணையத்திலும் வேறு வேறு பெயர்களில் விற்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். பள்ளி இயற்கைக் கழகத்தில் சேர்ந்ததிலிருந்து பறவைகள் மேல் அவளுக்கு உயிர். மார்ச் மாதத்தில் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானுக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வடக்கே திரும்பும் தேன் பருந்துகள் அங்கேதான் கரையேறும். அதற்கு முன்னால் பிரேசர் மலைக்கு ஒரு பயணம் முடிவானது. மலை 1,200 மீட்டருக்கு மேல், மேகம் கைக்கெட்டும் உயரத்தில் போகிற இடம். ஆகவே கடையில் நாங்கள் முதலில் கேட்டதே, உள்ளே ஈரம் போகுமா என்பதைத்தான்.

விற்ற தம்பி நம் ஆள். "அண்ணே, கவலையே படாதீங்க. ஃபுல் வாட்டர்புரூஃப், உள்ளே நைட்ரஜன் அடைச்சிருக்கு. அறுபது மடங்கு பெருசாக் காட்டும். ராத்திரியிலயும் தெரியும். ஜெர்மன் கண்ணாடி" என்றார். பெட்டியிலும் அத்தனையும் அச்சடித்திருந்தது. 899 வெள்ளி (ரிங்கிட்) என்ற விலையை அடித்துவிட்டு 450க்குக் கொடுத்தார்கள்.

பிரேசர் மலையில் முதல் நாள் காலையிலேயே கண்ணாடி மங்கிவிட்டது. துணியால் துடைத்தோம், போகவில்லை. மூட்டம் உள்ளே. மதியத்துக்குள் லென்ஸின் உள்பக்க ஓரத்தில் கடுகளவு நீர்த்துளிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. உண்மையான வாட்டர்புரூஃப் பைனாகுலரில் மூட்டுக்கு மூட்டு ரப்பர் வளையம் இருக்கும், உள்ளே காற்றுக்குப் பதில் உலர்ந்த நைட்ரஜன் இருக்கும். ஈரப்பதம் இல்லாததால் குளிர் பட்டாலும் உள்ளே மங்காது. ஒரே காலையில் துளி கட்டிய இதில் அதெல்லாம் எங்கே இருந்திருக்கும்?

என்னை மிகவும் வருத்தியது வேறு. கொஞ்ச நேரம் பார்த்ததுமே மகளுக்குத் தலைவலி. "அப்பா, எனக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். கண்ணில் ஏதோ கோளாறு என்று பயந்தேவிட்டாள். கண் மருத்துவரிடம் காட்டினோம், கண்ணில் ஒன்றும் இல்லை. பைனாகுலரின் இரண்டு குழாய்களும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை, உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியான முப்பட்டகம் விலகியிருந்தது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு அடிக்கோலை எடுத்து அளந்தோம். பைனாகுலரில் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 60 என்று எழுதிய லென்ஸ் 40 மில்லிமீட்டர்தான் இருந்தது. அப்புறம் அதை வெளிச்சமான வானத்தின் பக்கம் திருப்பி, ஓர் அடி தள்ளிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். நடுவில் சின்ன ஒளிவட்டம் தெரியும். லென்ஸின் அளவை அந்த வட்டத்தின் அளவால் வகுத்தால் உண்மையான மடங்கு வந்துவிடும். எங்களுடையதில் வட்டம் சுமார் 4 மில்லிமீட்டர். ஆக, பத்து மடங்கு. நிஜமாகவே 60×60 ஆக இருந்திருந்தால் வட்டம் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் இருந்திருக்கும், கையில் பிடித்துப் பார்க்கவும் முடியாது. பத்து மடங்குக்கு மேல் போனாலே கை நடுக்கத்தில் படம் ஆடும். பறவை பார்ப்பவர்கள் 8×42, 8×32 என்று வைத்திருப்பது அதனால்தான்.

எங்கள் ஒளிவட்டம் முழு வட்டமாகவும் இல்லை, நாலு பக்கமும் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டிருந்தது. மட்டமான முப்பட்டகத்தின் அடையாளம் அது. முன் லென்ஸ் ஆரஞ்சுச் சிவப்பாக மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பூச்சு சிவப்பு ஒளியை வெளியே திருப்பி அனுப்பிவிடும், பார்ப்பதெல்லாம் பச்சை பாய்ந்து தெரியும். ராத்திரியில் தெரியும் என்பது சுத்தப் பொய். மின்கலமே இல்லாத வெறும் கண்ணாடி இருட்டில் எதைக் காட்டும்?

இந்தச் சோதனைகளைக் கடை வாசலிலேயே செய்துவிடலாம். தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை அரை நிமிடம் பாருங்கள். இரண்டு படமும் ஒன்றாகச் சேரவில்லை என்றால் வேண்டாம். வெளியே எடுத்துப்போக விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். ரசீதில் மாடல் பெயரையும் 'வாட்டர்புரூஃப்' என்பதையும் எழுதி வாங்குங்கள். எங்கள் ரசீதில் 'கண்ணாடிப் பொருள்' என்று மட்டும்தான் இருந்தது. நல்லவேளை, பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. அதில் அச்சடித்ததுதான் இப்போது எங்கள் சாட்சி.

திருப்பிக் கொடுக்கப் போனபோது அதே தம்பி எங்களைத் தெரியாதவர் போல நின்றார். முதலாளி சுவரைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. இந்தப் பலகையைக் கண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் ஏற்கத்தக்க தரத்திலும் சொன்ன விவரப்படியும் இருந்தாக வேண்டும். பலகை மாட்டி அந்த உரிமையைப் பறிக்க முடியாது.

டி.டி.பி.எம். எனப்படும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வேண்டியதில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம். மனு கடைக்குப் போனதும் முதலாளியே அழைத்து, பாதிப் பணம் தருகிறேன், மனுவை எடுத்துவிடுங்கள் என்றார். முழுப் பணமும் வேண்டும் என்று சொல்லிவிட்டோம், விசாரணைக்குக் காத்திருக்கிறோம். இதே போன்ற பெட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால், வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகவில்லை என்றால், நீங்களும் மனு போடலாம். ரசீது மை மறையும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.